கொண்டியைத் திறக்காதே

காலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுத் தப்பு அடித்து ஓய்ந்ததும் வேலாயி மகளிடம் பாடம் கேட்கத் தொடங்கினாள். பக்கத்துக் காம்பராவில் காலை நீட்டிப் படுத்திருந்த ரெங்கம்மாவின் காதில் ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் நடுச்சுவர் தகரக்கூரையைத் தொடாது. மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் மறுவீட்டில் தும்முவார்கள்.

"நான் போனதும் என்னடி செய்யணும்?"

"கொண்டி போடணும்."

"யாராச்சும் தட்டுனா?"

"தொறக்கக் கூடாது."

"கங்காணி தட்டுனா?"

"தொறக்கக் கூடாது."

"தம்பிக்கு இழுப்பு வந்தா?"

எட்டு வயது நல்லம்மா ஒரே மூச்சில் ஒப்பித்தாள். "அவன் கையில இரும்புச் சாவிய வைக்கணும். சன்னல்ல செவப்புச் சீலைய கட்டணும். மல்லாக்கப் போட்டு ஓமத்தண்ணி ரெண்டு சங்கு ஊத்தணும். நீ மலையிலருந்து சீலையப் பாத்துட்டு ஓடியாந்துருவ."

"அவ வந்தா?"

"செத்தாலும் தொறக்கக் கூடாது. அத்தை கண்ணு தம்பிய தின்னுரும்."

"அத்தையாம் அத்தை! அவ யாருடி ஒனக்கு அத்தை? பேயின்னு சொல்லு."

"பேயி," என்றது பிள்ளை.

ரெங்கம்மா புரண்டு படுத்தாள். கேட்கட்டும் என்றுதானே அத்தனை சத்தமாகச் சொல்லிக் கொடுக்கிறாள்.

பத்து நாளைக்கு முந்தி வரைக்கும் இவள் அத்தைதான். அன்றைக்கு வேலாயியின் கைப்பிள்ளையைத் தூக்கி, "ராசா மாதிரி இருக்கான்டி" என்று ஒரு வார்த்தை சொன்னாள். பொழுது சாய்வதற்குள் பிள்ளைக்குக் கைகால் வெட்டி முதல் இழுப்பு வந்துவிட்டது. மறுநாள் பீலிக்கரையில் லயமே தண்ணீர் பிடித்துக்கொண்டு நிற்கையில் வேலாயி தலையை விரித்துப் போட்டுக் கத்தினாள். "ஒத்தப் புள்ள பெத்தவளுக்கு என் புள்ளையப் பாத்தா வயிறு எரியுது! கொள்ளிக் கண்ணு!"

ரெங்கம்மா குடத்தை அங்கேயே போட்டுவிட்டு லயத்துக்குக் கீழேயிருந்த மாடசாமி கல்லுக்குப் போனாள். கற்பூரத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்தாள்.

"இனி அவ வாசல மிதிச்சா, அந்த வீட்டோட ஒரு வார்த்தை பேசுனா, என் மகன் கணபதி எனக்கில்ல."

லயமே கேட்டது. கற்பூரம் அடித்துச் சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்தவர்கள் அந்தத் தோட்டத்தில் கிடையாது.

அரிசிக்கும் மாவுக்கும் நாடே அல்லாடிய எழுபத்துநாலாம் வருசம் அது. கொழுந்து பறிக்க மலைக்குப் போகாதவளுக்குப் பேர் விழாது, அன்றைக்குக் கூலி இல்லை. பேர் விழாத வீட்டில் மரவள்ளிக்கிழங்குக்கும் வழியில்லை. இழுப்பு வந்த பிள்ளையை வைத்துக்கொள்ள மாட்டேன் என்று, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஆயம்மா திருப்பி அனுப்பிவிட்டாள். ஆகவே நல்லம்மாவும் தம்பியும் கொண்டிக்கு உள்ளே. ரெங்கம்மாவோ கொழுந்துக் கூடையோடு தண்ணீர் ஓடும் கானில் விழுந்து, கணுக்கால் பிசகி, பத்துப் போட்டுக்கொண்டு சுவருக்கு இந்தப் பக்கம். லயத்தில் அன்றைக்கு வேறு யாரும் இல்லை.

பத்து மணியிருக்கும். பசறைப் பக்கமிருந்து மூட்டம் ஏறி மலையை முழுசாக மூடியிருந்தது. தூளி ஆடும் சத்தம் நின்றது.

"டேய் தம்பி, ஏன்டா அப்படி முழிக்கிற? டேய்!"

அப்புறம், பிள்ளையை இறக்கிப் போட்ட பலகையில் குதிகால் தட்டும் சத்தம். டக்டக், டக்டக்.

ரெங்கம்மா எழுந்து உட்கார்ந்தாள். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். கணபதிக்கும் சின்ன வயசில் அப்படித்தான் வந்தது. ஒருக்களித்துப் போடு, வாயைத் துடைத்துவிடு, ஒரு சொட்டும் ஊத்தாதே, தானாக நிற்கும் என்று தோட்டத்து மருந்தையா சொன்னார். அப்படியே நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை பாடத்தைச் சொல்லிச் சொல்லிச் செய்தது. "சாவி… சாவி வச்சாச்சு. சீலை…" சன்னல் திறந்தது. "அம்மாவ்! அம்மாவ்!"

இந்த மூட்டத்தில் சீலை எந்த அம்மா கண்ணில் படும்? சன்னலுக்கு எதிரே நின்ற பப்பாளி மரமே தெரியவில்லை.

ரெங்கம்மா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். கணபதி பசறையில் புஹாரி முதலாளி கடையில் நிற்கிறான். நாளைக்கு வெள்ளி, கடை இல்லை. இன்றைக்குச் சாயந்திரம் பஸ்ஸில் வருவான். மலைப்பாதை, வளைவு வளைவாக ரோடு. மாடசாமி கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அது மட்டுமா? அதற்கு அடியில் இன்னொன்றும் கிடந்தது. இப்ப யாரு கண்ணுடி பட்டுச்சு? பேயிதான் இங்க படுத்துக் கெடக்கே, இப்ப யாரைச் சொல்லுவ? இந்தக் கேள்வி அவளுக்கு இனித்தது. வெற்றிலையை மடித்து வாயில் போட்டாள். அது சாறு இறங்கும் வரைக்கும் குதிகால் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

போத்தல் மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

"ஊத்தாதடி!" தன்னை அறியாமல் கத்திவிட்டாள். "நல்லம்மா! வாயில ஊத்தாத! ஒருக்களிச்சுப் போடு!"

அந்தப் பக்கம் போத்தல் மூடி உருண்டு ஓடியது.

"நல்லம்மா, கேக்குதா? மொகத்த சாய்ச்சுப் போடு சாமி!"

"நீங்க பேசாதீங்க," என்றது பிள்ளை. "அம்மா ரெண்டு சங்குன்னு சொல்லியிருக்கு."

ரெங்கம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஒற்றைக்காலால் நொண்டி முன்திண்ணை இஸ்தோப்பைக் கடந்தாள். வேலாயி வீட்டுப் படிக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள். கணபதி முகம் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு வாசலை மிதித்தாள்.

"தொறடி நல்லம்மா! அத்தைடி!"

"தொறக்க மாட்டேன்."

"ஒன் தம்பிக்கு நல்லது செய்யத்தான்டி வந்திருக்கேன். என் ஒத்த மகன அடகு வச்சிட்டு வந்து நிக்கிறேன், தொற!"

"அம்மா சொல்லியிருக்கு. நீங்க பாத்தா தம்பி செத்துருவான்."

"நான் பாக்கல! கண்ணக் கட்டிக்கிறேன். இந்தா, முந்தானையால கட்டிட்டேன். இடுக்கு வழியா பாரு!"

"பொய் சொல்றீங்க." பிள்ளை அழுதது. "ஒரு சங்கு உள்ள போயிருச்சு. புரையேறுது. இன்னொன்னு ஊத்துனா சரியாயிரும்."

"வேணாம்! வேணாம்டி தாயி!"

தோளால் கதவை இடித்தாள். பிசகின கால் தாங்கவில்லை, படியிலேயே சரிந்தாள். கண்கட்டு அவிழாமலே கையால் பலகையை அடித்தாள். உள்ளே களகளவென்று ஒரு சத்தம். பிறகு குதிகால் சத்தம் நின்றது.

"நின்னுருச்சு," என்றது நல்லம்மா. குரலில் அப்படியொரு நிம்மதி. "அத்தை, தம்பி தூங்கிட்டான்."

ரெங்கம்மா கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள். இந்தப் பிள்ளை தன்னை அத்தை என்று கூப்பிட்டுப் பத்து நாளாகிறது.

கொஞ்ச நேரத்தில் மூட்டம் விலகியது. சிவப்புச் சீலையைக் கண்டு அஞ்சாம் நம்பர் மலையில் ஒரு கூச்சல் எழுந்தது. வேலாயி கூடையை எறிந்துவிட்டுத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே விழுந்தெழுந்து ஓடிவந்தாள். வாசலில் கிடந்தவளைத் தாண்டிக் கதவில் அறைந்தாள். "நான்தான்டி, அம்மாடி!"

கொண்டி விலகியது. நல்லம்மா கையில் சங்கோடு நின்றாள்.

"நீ சொன்னதெல்லாம் செஞ்சேன்மா. அவங்க எவ்வளவோ கேட்டாங்க. நான் தொறக்கவே இல்ல."

வேலாயி உள்ளே போனாள். அப்புறம் கேட்ட ஓலம் கீழ் லயம் வரைக்கும் போயிருக்கும். பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு வெளியே வந்தவள் ரெங்கம்மாவைப் பார்த்தாள்.

"தின்னுட்டியா? வாசல மிதிச்சு வந்து தின்னுட்டியா? கற்பூரம் அடிச்சவதானே நீ? சாயங்கால பஸ்ஸப் பாத்துக்கிட்டே இரு. எனக்கு வந்தது ஒனக்கும் வரும். ஒன் புள்ளையையும் இப்படித்தான் தூக்கிட்டு வருவாங்க."

ரெங்கம்மா கண்ணைக் கட்டியிருந்த முந்தானையை அவிழ்த்தாள். அவளிடம் ஒரு வார்த்தை இருந்தது. அதைச் சொல்லாமல் எழுந்து போயிருக்கலாம். பிள்ளை பக்கத்திலேயே நிற்கிறாள் என்பதும் தெரியும். ஆனால் கணபதியை இழுத்துவிட்டாளே.

"என் கண்ணு இல்லடி," என்றாள் நிதானமாக. "நீ சொல்லிக் குடுத்த ஓமத்தண்ணி. இழுப்புல கெடந்த புள்ள வாயில ஊத்தி மூச்ச அடைச்சிருச்சு. சும்மா விட்டிருந்தா பொழைச்சிருப்பான்."

வேலாயியின் கண் மட்டும் மெல்லத் திரும்பி மகள் கையிலிருந்த சங்கில் போய் நின்றது.

நல்லம்மா அதைப் பார்த்தாள். சங்கைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்தாள்.

"ரெண்டுதானேம்மா சொன்ன?" என்றாள். "நான் ரெண்டுதான் ஊத்துனேன்."