ஜோடி போட்ட மெமரி

என் பேரு இன்பம். பேர வச்சு ஆள எடை போட வேணாம், எனக்குக் கோவம் ஜாஸ்தி. ஆம்பூர்ல ஷூ கம்பெனியில எட்டு வருஷம் ஜோடி டேபிள்ல நின்னவ. லைன்லேருந்து வர்ற லெஃப்டையும் ரைட்டையும் நிறம் பாத்து, அளவு பாத்து சேத்து அனுப்பணும். காலையில எட்டரைக்கு நின்னா சாயந்தரம் வரைக்கும் நிக்கணும். முட்டி போச்சு. இனிமே நிக்கவே கூடாதுன்னுட்டாரு டாக்டர். மேனேஜர் ரஷீத் அஹமது சார்தான், "கம்ப்யூட்டர் கத்துக்கிட்டியேம்மா, ஒரு மாசம் பேக்கிங் ஆபீஸ்ல உக்காந்து பாரு. சரியா வந்தா இங்கயே இரு, இல்லன்னா டேபிளுக்குத் திரும்பிடணும்"னாரு. அது ரெண்டாயிரத்து மூணு. அந்த ஒரு மாசம் முடிய இன்னும் மூணு நாள்தான் இருந்துச்சு.

அன்னிக்குன்னு பாத்து பதினோரு மணிக்கு கம்ப்யூட்டர் கீ கீன்னு கத்திச்சு. திரையில ஒண்ணும் வரல. நாலு மணி வண்டியில சரக்கு மெட்ராஸ் போகணும், அதுக்குள்ள பேக்கிங் லிஸ்ட் பிரிண்ட் எடுத்தாகணும்.

நான் பயப்படல. தோல் தூசி அடைச்சா இப்படித்தான் கத்தும்னு வேலூர்லேருந்து வர்ற சர்வீஸ்காரர் ஜோவின் சொல்லியிருந்தாரு. உள்ள இருக்கற ரெண்டு மெமரிப் பட்டையையும் கழட்டி, அழி ரப்பரால தொடச்சு அவரு மாட்டுனத பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். சுவிட்ச அணைச்சேன், மூடியக் கழட்டினேன், பட்டைங்கள எடுத்துத் தொடச்சேன். அது வரைக்கும் எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு.

மாட்டும்போதுதான் கை பழைய வேலையக் காட்டிச்சு. ஒரே மாதிரி ரெண்டு இருந்தா அது ஜோடி. ஜோடின்னா ஒண்ணு லெஃப்ட், ஒண்ணு ரைட், ஒண்ணுக்கொண்ணு எதிராத்தான் இருக்கணும். மொதல் பட்டைய மாட்டினேன், ஓரத்துல அதப் புடிச்சுக்கற வெள்ளை கிளிப் தானா மூடிக்கிச்சு. ரெண்டாவத திருப்பிப் போட்டேன். எறங்கல. அழுத்தினேன். கிளிப் மூட மாட்டேன்னுது. நானா விடறவ? கட்டை விரல வச்சு மடக்கினேன். டப்புன்னு ஒடஞ்சு கையோட வந்துடுச்சு.

திரும்பவும் அந்த டேபிள், திரும்பவும் நாள் பூரா நிக்கறது. வேற ஒண்ணும் தோணல.

எதிர் சீட்டு கிளார்க் ஹேமந்த் எட்டிப் பாத்தாரு. "இன்னாக்கா பண்ணீங்க?"

"பூப் பறிச்சேன்."

"கோச்சுக்காதீங்க. முன்னாடியே ஒடஞ்சிருந்துச்சுன்னு சொல்லிடுங்க. சாருக்கு எங்க தெரியப்போவுது?"

என் நல்லதுக்குத்தான் சொன்னாரு, எனக்குத்தான் சுருக்குன்னுது. எட்டு வருஷத்துல என் தப்ப அடுத்தவ தலையில கட்டினது கெடையாது. "உங்க வேலையப் பாருங்க ஹேமந்த்"னுட்டு ஜோவினுக்கு போன் போட்டேன்.

"நான் குடியாத்தத்துல இருக்கேன்க்கா, நாளைக்குத்தான் வர முடியும்"னாரு ஜோவின். "திருப்பிப் போட்டுட்டு ஆன் பண்ணிட்டீங்களா?"

"இல்ல."

"தப்பிச்சோம். எதுக்கு திருப்பிப் போட்டீங்க?"

"ஜோடியாச்சே."

மனுஷன் விழுந்து விழுந்து சிரிச்சாரு. "அக்கா, மெமரிக்கு எல்லாமே ஒரே கால்தான். பட்டை அடியில ஒரு வெட்டு இருக்கும், நடுவுல இல்லாம ஒரு பக்கமா தள்ளி. அது ஸ்லாட்ல இருக்கற மேட்டு மேல சரியா உக்காரணும்."

"கிளிப்பு?"

"அது புடிச்சுக்கறதுக்குத்தான். ஒரு பக்கம் இல்லன்னாலும் பட்டை நேரா, முழுசா எறங்கினா ஓடும். ஆடாம மட்டும் பாத்துக்கோங்க."

வெட்டப் பாத்து, திருப்பி, ரெண்டு பக்கமும் சமமா அழுத்தினேன். நல்ல புள்ளையா உக்காந்துச்சு. இந்தப் பக்கம் கிளிப் மூடிக்கிச்சு. ஒடஞ்ச பக்கத்துக்கு, தையல் லைன்ல தோல் இழுபடாம இருக்க உள்பக்கம் ஒட்டுவாங்களே நைலான் டேப், அதுல விரல் நீளம் வாங்கிட்டு வந்து, பட்டை தலையிலேருந்து ஸ்லாட்டோட ரெண்டு பக்கத்துக்கும் இறுக்கி ஒட்டினேன். கர்த்தரேன்னு சுவிட்சப் போட்டேன். ஒரே ஒரு தடவ கீன்னுச்சு. திரை வந்துடுச்சு. அந்த சந்தோஷத்துல ஹேமந்துக்கும் சேத்து டீ சொன்னேன்.

லிஸ்ட்ட வண்டிக்காரர் கையில குடுத்துட்டு வந்து உக்காந்தா, ரஷீத் சார் உள்ள வர்றாரு. மூடி தொறந்து கெடந்த கம்ப்யூட்டர் பெட்டியப் பாத்து நின்னுட்டாரு. நான் எழுந்துட்டேன்.

"சார், கிளிப்ப நான்தான் ஒடச்சேன். ஜோடின்னு நெனச்சு ஒண்ண திருப்பி மாட்டிட்டேன். லிஸ்ட் போயிடுச்சு சார். ஆனா ஒடச்சது நான்தான்."

அவரு குனிஞ்சு பாத்தாரு. "இது நம்ம டேப்தானே?"

"ஆமா சார்."

டேப்ப விரலால தடவிப் பாத்தாரு. ஹேமந்த் டீய கையில வச்சுக்கிட்டு குடிக்காம இருந்தாரு.

"நானும் ஜோடி டேபிள்லதாம்மா வேலைக்குச் சேந்தேன்"னாரு சார். "நானா இருந்தாலும் திருப்பித்தான் மாட்டியிருப்பேன். ஒடச்சேன்னு சொல்லியிருப்பேனான்னுதான் தெரியல."

என் நாற்காலிய அவரே இழுத்து என் பின்னால போட்டாரு. "உக்காரும்மா. நின்னது போதும்."

உக்காந்து, கண்ணு கலங்கினத ஹேமந்த் பாக்கக் கூடாதுன்னு பிரிண்டர் பக்கம் திரும்பிக்கிட்டேன்.