நீளவர் பாலைத் தொடவில்லை

உர்ஷுலே வீட்டுப் பாம்பு குடித்த பாலெல்லாம் சைபீரியாவில் மரம் வெட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் மோதியேயுஸின் வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. லித்துவேனியாவின் மெர்க்கிஸ் ஆற்றங்கரையில் இது ஊரறிந்த சங்கதி. 1949 மார்ச்சில் சோவியத் சிப்பாய்கள் வந்து அவனை வண்டியில் ஏற்றியபோது உர்ஷுலே தன் மகள் அனேலேயைத் தூக்கிக்கொண்டு மாவு அரைக்கப் போயிருந்தாள். அதனால் இருவரும் தப்பினார்கள். அன்று மாலையும் வழக்கம்போல அடுப்புக்குப் பின்னால் ஒரு தட்டில் பால் வைத்தாள். வீட்டுப் பாம்பைப் பாம்பு என்று சொல்வது அந்தப் பக்கத்தில் மரியாதைக்குறைவு, நீளவர் என்பார்கள். நான்கு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ரொட்டியில் பாதி மரத்தூள், ஆனாலும் விடிந்தால் வாயில் நம் பசுவின் பால் மணக்கிறது, மீசையில் பாலாடை ஒட்டியிருக்கிறது, பசுவை எங்கே ஒளித்து வைத்திருக்கிறேன் என்று கொட்டடியில் என் படுக்கையைக் குடைகிறார்கள் என்று எழுதியிருந்தான். சிரிப்பும் அழுகையுமாகப் படித்துவிட்டு உர்ஷுலே பெரிய தட்டாக மாற்றினாள்.

அடுத்த இலையுதிர்காலத்தில் பசு கூட்டுப்பண்ணைக்குப் போயிற்று. அதையும் மகளின் இருமலையும் அவனுக்கு எழுதினாள். கடிதம் போய்ச் சேர மாதங்கள் ஆகும். பண்ணையிலிருந்து நாளொன்றுக்கு ஒரு குவளைப் பால் கிடைத்தது. ஐந்து வயது அனேலே இருமி இருமி எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்தாள். குவளையை இரண்டாகப் பிரித்தாள் உர்ஷுலே. மகள் முகத்தைப் பார்த்தால் பாம்பின் மேல் எரிச்சல் வந்தது, பழைய கடிதத்தை எடுத்தால் மகளின் மேல். இப்படியும் ஒரு தாயா என்று தன்னையே வெறுத்தாள்.

பிப்ரவரியில் ஒருநாள் நீளவர் பாலைத் தொடவில்லை. பக்கத்து வீட்டு பார்பொரா எட்டிப் பார்த்தாள்.

“நீளவர் வாயை மூடிக்கிட்டா வீட்டுல ஒரு சாவு நிச்சயம்டி. எப்படியாச்சும் குடிக்க வை.”

“பாதிப் பால்தானேன்னு கோவிச்சுக்கிட்டாரோ என்னவோ.”

“ஆம்பளைதானே, மூக்குக்கு மேல கோவம் வரும். முழுசா வையி.”

முழுக் குவளையும் வைத்தாள். மூன்று நாள் அனேலே வெந்நீர் குடித்தாள். உர்ஷுலே பாம்பின் தலையைப் பிடித்துத் தட்டில் அமுக்கினாள். “குடிங்க. பிள்ளை வயித்துல அடிச்சு வச்சிருக்கேன், குடிங்க.” பால் வாயோரமாய் வழிந்தது. நான்காம் நாள் காலை நீளவர் ஊர்ந்து வந்து, மூக்கால் தட்டைத் தள்ளித் தள்ளி, மதியத்துக்குள் பிள்ளையின் கட்டிலடியில் கொண்டுபோய் நிறுத்தினார். அப்போதுதான் கடிதம் அவனுக்குக் கிடைத்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. பிடிவாதக்காரப் பாவி என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே பாலை மகளுக்குப் புகட்டினாள்.

ஒன்பதாம் நாள் நீளவர் விறைத்துக் கிடந்தார். தச்சன் சில்வெஸ்த்ராஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சவப்பெட்டிக்கு அளவெடுக்க வந்து, “நீளம் முழக்கணக்குல சொல்லும்மா, அகலம்?” என்றான்.

“எப்பவும் கை காலைப் பரப்பிப் படுப்பார். இப்ப ஒடுங்கிட்டார்,” என்றாள். ஊரே கறுப்பு உடுத்திக் கல்லறைக்கு வந்தது. பாதிரியார் மோதியேயுஸ் என்ற பெயரைச் சொல்லித்தான் ஜெபித்தார்.

மே மாதம், மோதியேயுஸுக்குப் பக்கத்துப் படுக்கையில் இருந்தவனிடமிருந்து கடிதம் வந்தது. ‘உங்கள் கடிதம் வந்த அன்றிலிருந்து விடியும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான், ஒன்பதாம் நாள் எழுந்திருக்கவில்லை. மூன்று நாள் தாடியில் பால் வழிந்தது. நாங்கள் நக்கிக்கொண்டோம். மன்னியுங்கள்.’

அனேலேக்கு இருமல் நின்றிருந்தது. உர்ஷுலே பதில் எழுதினாள்: அடக்கம் பிப்ரவரியிலேயே நல்லபடியாக முடிந்தது, பால் வீணாகாமல் பார்த்துக்கொண்டதற்கு நன்றி.