கண்ணில் சிலிண்டர்

ஒரகடத்துக் கம்பெனியில் லீவு கேட்கிறவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: ரூமுக்கு கேஸ் சிலிண்டர் வருகிறது. ஷிப்ட் சூப்பர்வைசர் முனிரத்தினத்துக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. படப்பையில் வாடகைக்கு இருக்கும் பையன்கள் சோறு தின்பதில்லை, சிலிண்டரைத்தான் தின்கிறார்கள் என்பது அவர் முடிவு.

அதனால் பேக்கிங்கில் வேலை செய்யும் சுடலைக்கண்ணு வந்து, "சார், வெள்ளிக்கிழமை லீவு வேணும். சிலிண்டர்..." என்று ஆரம்பித்ததும் அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"இன்னாபா, உனுக்குமா?"

"ரூமுல இல்ல சார். கண்ணுல."

உண்மைதான். பேரிலேயே கண் இருந்தும் அவனுக்குக் கண் ராசி கிடையாது. இடது கண் பிறந்ததிலிருந்தே மங்கல். வலது கண்ணில் புண் வந்து கருவிழி வெளுத்துப்போக, இறந்துபோன யாரோ ஒருவரின் கருவிழியை வைத்துத் தைத்தார்கள். தையல் பிரித்தபின் வெளிச்சம் வந்தது, நேர்கோடு வரவில்லை. புது விழி ஒரு பக்கம் அதிகமாக வளைந்து நின்றதால் எல்லாம் ஒன்றுக்கு இரண்டாகத் தெரிந்தன. இந்தக் கோணல் பவருக்கு டாக்டர்கள் சிலிண்டர் என்று பேர் வைத்திருக்கிறார்கள். வேறு பேரே கிடைக்கவில்லை போலிருக்கிறது. கண்ணாடி போட்டால் தலை சுற்றியது. லேசரில் குறைக்கலாம் என்று வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள்.

"இன்னிக்குக் கண்ல சிலிண்டர். நாளைக்கு மூக்குல அடுப்புன்னு வருவீங்கோ." முனிரத்தினம் மேசைமேல் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். "இது எத்தினி? கரெக்டா சொன்னா இன்ஸ்பெக்‌ஷன்ல போய் குந்து."

பிஸ்டனில் கீறல் பார்க்கும் அந்த இன்ஸ்பெக்‌ஷன் மேசைதான் கண் கெடும்வரை அவன் இடம். இப்போது காலியாகக் கிடந்தது. அங்கே திரும்பிப் போவதைத் தவிர அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. அவர் இழுத்தது ஒரு கோடுதான் என்று அவனுக்கும் தெரியும். ஆனால் பிஸ்டனில் கீறலை யாரும் அவன் கண்முன்னால் இழுத்துக் காட்டமாட்டார்கள்.

"ரெண்டு சார். ஒண்ணு சாஞ்சி கெடக்கு."

முனிரத்தினம் கோட்டைக் கையால் அழித்தார். "லீவு போ. அந்த சீட்டுக்கு ஆள் போட்ருவாங்கோ. முடிஞ்சா தள்ளிப் பாக்கறேன்."

கண் ஆறி அவன் திரும்பி வந்தபோது சீட் காலியாகவே இருந்தது.

"இன்னா, சிலிண்டர் வந்துச்சா?"

"போயிட்டு சார். கொஞ்சம் மிச்சம் இருக்கு. அதுக்குக் கண்ணாடி போதும்னுட்டாவ."

ஒருவர் சொன்னதை அப்படியே நம்புவது முனிரத்தினத்துக்குப் பழக்கமில்லை. அவர் முதுகால் மறைத்துக்கொண்டு மேசையில் சாக்பீஸை இழுத்தார். பிறகு நகர்ந்தார்.

"எத்தினி?"

"ரெண்டு."

பழைய பதில்தான் என்று நினைத்து, பக்கத்தில் நின்றவர்கள் மேசையைப் பார்க்காமலே 'உச்' கொட்டினார்கள்.

"ரெண்டுதான சார் போட்டிருக்கிய. ரெண்டும் நேரா நிக்கி."

முனிரத்தினம் சாக்பீஸைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "போய் குந்து."

சுடலைக்கண்ணு போய் உட்கார்ந்தான். அழுகை வந்தது. என்ன ஆனாலும் அந்தக் கண்ணைக் கசக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு அழுதான்.