ஊசி பிடித்த கை

உணவகத்தின் பின்பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து பிளோறன்ஸ் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கணவன் பீலிக்ஸ் உள்ளே கோப்பை கழுவினான். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை இருவருக்கும் வேலை செய்ய அனுமதி இல்லை. அது முதலாளிக்கும் தெரியும், அதனால்தான் இவர்களைக் கூப்பிட்டு வைத்திருந்தார். மகள் ரெஜினா கவிழ்த்த பியர்ப் பெட்டியில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்து மடித்துத் தன் கையைப் பார்த்தாள்.

"அம்மா, இன்னும் வீங்கியிருக்கு."

பிளோறன்ஸ் கத்தியை வைத்துவிட்டு வந்து பார்த்தாள். சுகாதார அலுவலகத்தில் நாலு குட்டி முள் வைத்த அச்சால் முழங்கைக்குக் கீழே குத்தியிருந்தார்கள். அந்த இடம் சிவந்து தடித்துப் பொங்கியிருந்தது. அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"ஊசி வடிவாப் பிடிச்சிருக்கு. சொறியாதை. நாளைக்கு டொக்டருக்கு நல்லாத் தெரியவேணும்."

யாழ்ப்பாணத்தில், குருநகரில் அவள் கண்டது அதைத்தான். பிறந்த பிள்ளையின் இடது தோளில் போடும் காசநோய் ஊசி பழுத்துக் காய்ந்து தழும்பாக வேண்டும். பழுக்காவிட்டால் கிளினிக் நேர்ஸ் முகத்தைச் சுளிப்பாள். தாய்மார் பிள்ளையின் தோளைத் திறந்து ஒருவருக்கொருவர் காட்டிப் பெருமைப்படுவார்கள். ரெஜினாவின் தோளிலும் கடலையளவில் பளபளப்பான தழும்பு ஒன்று இருந்தது. இங்கே குத்தியது தடுப்பூசி அல்ல, நோய் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

சொல்லியிருக்க வேண்டியவர் ஆனந்தராசா. கொழும்பில் கலவரம் நடந்த வருடமே இந்த ஜெர்மனிக்கு வந்து மொழி பிடித்துக்கொண்டவர். அந்தச் சுரங்க நகரத்தில் எந்தத் தமிழ்க் குடும்பம் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் மொழிபெயர்க்க முன்னால் அவர்தான் போவார். தனியாக இருந்த காலமெல்லாம் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மீன்கறி பிளோறன்ஸ் வீட்டிலிருந்துதான் போனது. வசந்தத்தில் அவருடைய மனைவி கலாதேவியும் மகளும் வந்து இறங்கியபோது முதல் சோறும் அவள் ஆக்கியதுதான்.

புதிதாக வந்த பிள்ளைகளுக்கு மொழி படிப்பிக்கும் வகுப்பு கோடை விடுமுறை முடிந்ததும் தொடங்கும். சுகாதார அலுவலகம் ஊசிகளெல்லாம் பார்த்துக் கையெழுத்து வைத்த பிள்ளையைத்தான் எடுப்பார்கள். இடமோ கொஞ்சம். ஷெல்லடி தொடங்கியதிலிருந்து ரெஜினா பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. எட்டு வயதாகியும் தன் பெயரைத் தவிர வேறொன்றும் எழுதத் தெரியாத பிள்ளை என்பது பிளோறன்ஸின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

அடுத்த நாள் அவளே மகளின் கையை நீட்டிப் பிடித்துப் பெருமையோடு காட்டினாள். டொக்டர் அம்மா அடிமட்டத்தை வைத்து அளந்தார். முகம் இறுகிவிட்டது. எழுதிக்கொண்டே ஏதோ சொன்னார்.

"தங்கச்சி, நெஞ்சைப் படம் எடுக்கவேணுமாம்," என்றார் ஆனந்தராசா. "அதின்ரை மறுமொழி வரும்வரைக்கும் பள்ளிக்கூடம் ஏலாதாம்."

"ஏன் அண்ணை? ஊசி பிடிச்சிருக்கெல்லோ?"

"இது பிடிச்சால் கூடாது. சயரோகம், காசநோய் எண்டு நினைக்கினம்."

பிளோறன்ஸ் மகளின் சட்டையைத் தோள்வரை இழுத்தாள். "ஊரிலை பிறந்தவுடனை போட்டது. இந்தா அடையாளம். அதாலைதான் வீங்கியிருக்கும். சொல்லுங்கோ அண்ணை!"

ஆனந்தராசா தழும்பைப் பார்த்தார். பிறகு டொக்டரிடம் நிதானமாகப் பேசினார். டொக்டர் நிமிராமலே ஆமென்று தலையசைத்தார்.

"சொல்லிப்போட்டன். கேக்கினமில்லை."

தெருவுக்கு வந்ததும் ரெஜினா தாயின் கையை இழுத்தாள். வந்த புதிதில் இருந்த அகதி முகாமில் துருக்கிப் பிள்ளைகளோடு விளையாடி அவளுக்கு ஜெர்மன் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"அம்மா, மாமா ஊசியைப் பற்றிச் சொல்லேல்லை. நாங்கள் காத்திருப்பம், நன்றி எண்டு மட்டும்தான் சொன்னவர்."

பிளோறன்ஸ் மகளின் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "பெரியாக்களைப் பற்றி அப்பிடிக் கதைக்கிறேல்லை!"

படத்தில் நெஞ்சு சுத்தமாக இருந்தது. ஆனால் அந்த மறுமொழி வந்து சேருவதற்குள் வகுப்பு நிறைந்துவிட்டது. அடுத்த வருடம் பார்க்கலாமாம். அந்தச் செய்தியையும் ஆனந்தராசாதான் கொண்டுவந்தார். பிளோறன்ஸ் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

விடுமுறை முடிந்த திங்கட்கிழமை, உணவகத்துக்குப் போகும் வழியில், கெல்சென்கிர்ச்சன் நகருக்குப் போகும் பஸ் நிற்கும் இடத்தில் கலாதேவி மகளோடு நின்றாள். பிள்ளையின் முதுகில் புதுப் பை. கையில்லாத சட்டை. இடது தோளில் கடலையளவுத் தழும்பு வெயிலில் மினுங்கியது.

"பள்ளிக்கூடமோ கலா?"

"ஓம் அக்கா, அந்த மொழி வகுப்பு. இண்டைக்குத்தான் முதல் நாள்."

"பிள்ளைக்கு அந்த முள்ளுக் குத்திப் பாக்கேல்லையோ?"

"பாத்தவை அக்கா. பலகாரம் மாதிரி வீங்கிப் போச்சு! நான் பயந்திட்டன். இவர்தான் தோளைக் காட்டி, ஊரிலை ஊசி போட்டது எண்டு விளங்கப்படுத்தினவர். உடனை கையெழுத்து வைச்சுத் தந்திட்டினம். கடைசி இடமாம், எங்கடை அதிஷ்டம்." கலாதேவி சிரித்தாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

அன்றைக்குச் சீவிய கிழங்கில் பாதி தோலோடு போய்விட்டது என்று முதலாளி கத்தினார். பிளோறன்ஸுக்குக் காதில் விழவில்லை. உண்மையைச் சொன்ன வாய்க்குக் குட்டு வைத்த கைதான் அவளுக்கு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை துருக்கிக்காரர் கடையில் வாங்கிய மீனை வெட்டிக்கொண்டே பீலிக்ஸிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"இனி அந்த வீட்டுக்கு ஒரு மீன்முள்ளும் போகாது," என்றாள்.

பீலிக்ஸ் வெட்டிய துண்டுகளை எடுத்துக் கழுவினான்.

"புதன்கிழமை எங்கடை அகதி விசாரணை," என்றான். "நான் சொல்லுறதை அவர்தான் அவைக்கு ஜெர்மனிலை சொல்லப்போறார்."

அடுப்பில் கறி கொதித்து முடிந்தது. பிளோறன்ஸ் முள் இல்லாத நடுத்துண்டுகளாகப் பார்த்துச் சட்டியில் போட்டு, மூடி, துணியால் கட்டினாள்.

"கொண்டு போய்க் குடுத்திட்டு வா," என்று மகளிடம் நீட்டினாள்.

"மாமா வீட்டுக்கோ?" என்றாள் ரெஜினா.

பிளோறன்ஸ் மகளின் தலையைத் தடவினாள், குட்டிய இடத்தில். பிள்ளை சுடுசட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குழம்பு சிந்தாமல், மெல்லமெல்லப் படி இறங்கியது.