மாமனுக்கு ஆகாத பிள்ளை

லாரி ரப்பர் தோட்டத்துக்குள் நுழைகிற சத்தம் கேட்டதும் இருளப்பன் லயத்து வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கின் மறைவில் பதுங்கிக்கொண்டான். சயாம் ரயில் பாதைக்கு ஜப்பான்காரன் ஆள் பிடிக்கிற லாரி. சுங்கை லாலாங் பக்கத்தில் அதில் ஏறிப் போன ஒருத்தனும் திரும்பவில்லை. தங்கச்சி புருஷன் போன மாசம் போனான். அரிசி உண்டு, சம்பளம் உண்டு என்று மணியம் கங்காணி சொன்னதை நம்பிப் போனான். இருளப்பன் யாரையும் நம்பாதவன். அதனால்தான் மிஞ்சியிருந்தான்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் தங்கச்சி புஷ்பவள்ளி விடியலிலிருந்து கத்திக்கொண்டிருந்தாள். பின்கதவு திறந்தது. மருத்துவச்சி ராக்காயி தலையை நீட்டினாள். முழங்கை வரை ரத்தம்.

“டேய், ஒன் பால்வெட்டுக் கத்தியக் குடு.”

“எதுக்குக்கா?”

“தலை வந்துருச்சு. கழுத்துல கொடி ரெண்டு சுத்து, இறுகிக் கெடக்கு. மூஞ்சி நீலம் பாஞ்சுருச்சு. ரெண்டு பக்கமும் நூலக் கட்டி நடுவுல அறுக்கணும். எங்கிட்ட இருந்த பிளேடு துருப்புடிச்சுப் போச்சு. குடுறா!”

கத்தி இடுப்பில்தான் இருந்தது. கை அசையவில்லை. கொடி சுற்றிப் பிறக்கிற பிள்ளை தாய்மாமன் உயிருக்கு ஆகாது என்பார்கள். வாசலில் லாரி நிற்கிற நாளில்தானா இது பிறக்க வேண்டும்? கத்தி போகாவிட்டால் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாவிட்டால் தனக்குக் கெடுதல் இல்லை. அப்படியும் ஒரு நினைப்பு வந்தது. பயம் பிடித்தவன் மனசு வேறெப்படி இருக்கும்?

“அண்ணே, குடுத்துருண்ணே...” உள்ளேயிருந்து புஷ்பவள்ளியின் குரல், ஈனமாக.

குடுத்தான். அதற்குள் பக்கத்து லயத்தில் பூட்ஸ் சத்தம். வேறு வழியில்லாமல் அவனும் உள்ளே நுழைந்தான்.

ராக்காயி கொதிக்கிற தண்ணீரில் கத்தியை முக்கினாள். “மூஞ்சிய நேராப் பாக்காத. மாமன் எண்ணெயில தெரியிற நெழலத்தான் மொதல்ல பாக்கணும்.”

“எண்ணெய்க்கு எங்க போறது?”

“அப்ப செவுத்தப் பாத்து நில்லு.”

நின்றான். கத்தி அறுக்கிற சத்தம் கேட்டது. புஷ்பவள்ளி ஒருமுறை அலறினாள். பிறகு ஒன்றுமில்லை. அழுகை இல்லை. முதுகில் தட்டுகிற சத்தம் மட்டும். நிற்க முடியாமல் திரும்பிவிட்டான். கத்திரிக்காய் நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது பிள்ளை. ராக்காயி அதன் வாயில் ஊதினாள், சாக்குத் துணியால் தேய்த்தாள்.

“அழுதுரு, அழுதுரு சாமி,” என்றான் இருளப்பன்.

அழுதது.

முன்வாசலில் கங்காணியின் குரல். “உள்ள யாரு? இருளப்பன் இருக்கானா?”

“புள்ள பொறந்துருக்கு கங்காணியாரே! ரத்தம்கூட நிக்கல. தீட்டு வீட்டுக்குள்ள வர்றதுன்னா வாங்க. குளிக்கச் சவுக்காரம் இருக்குதா உங்க வூட்டுல?” என்றாள் ராக்காயி.

ஜப்பான்காரன் என்னவோ அதட்டினான். “ஒராங் பெரானாக், துவான்,” என்று கங்காணி மலாயில் குழைந்தான். பிள்ளை பெற்ற வீடாம். பூட்ஸ் நகர்ந்தது. பலகை இடுக்கு வழியாக இருளப்பன் பார்த்தான். கங்காணி ஒருமுறை திரும்பி அந்த இடுக்கையே பார்த்துவிட்டுப் போனான். கண்டானா, காணவில்லையா? அவனை எப்படி நம்புவது?

“மூஞ்சியத்தான் பாத்துட்டியே, புடி,” என்று ராக்காயி பிள்ளையை அவன் கையில் திணித்துவிட்டுத் தாயைக் கவனிக்கப் போனாள்.

லாரி இன்னும் கிளம்பவில்லை. பிள்ளை அழுகையை நிறுத்தும்போதெல்லாம், விரலால் அதன் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே இருந்தான் மாமன்.