மாடியிலிருந்து இறங்கிய ஃபைல்

அறிவுச்செல்வியின் கம்ப்யூட்டர் மாடியில் இருந்தது. கீழே முன்னறையில் கணவனின் அண்ணன் ஆண்டனிராஜ் இயற்பியல் டியூஷன் நடத்தினார், அங்கே இன்னொன்று. பிரிண்டர் கீழே என்பதால் இரண்டையும் வீட்டு வைஃபையில் இணைத்து, ஆளுக்கொரு ஷேர் ஃபோல்டர் திறந்து வைத்தவள் அவள்தான். பள்ளி வேலையை விட்டபின் மூன்று வருடமாக அவள் எழுதிய பிளஸ் ஒன் குறிப்புகள் அந்த வழியாகத்தான் கீழே போய், அச்சாகி, பிள்ளைகள் கைக்குச் சேர்ந்தன.

ஜூன் மாதம் ஒரு வினாத்தாளைக் கீழே அனுப்பப் போனபோது, அவருடைய ஃபோல்டரில் 'புக் ஃபைனல்' என்றொரு ஃபைல் கிடந்தது. தன் பக்கம் காப்பி செய்து திறந்தாள். அட்டையில் ஆண்டனிராஜின் படம். உள்ளே முழுக்க அவள் குறிப்புகள். அவள் கவனிக்காமல் விட்ட எழுத்துப் பிழைகள்கூட அப்படியே இருந்தன. நன்றியுரையில் பிரஸ்காரர் பெயர் இருந்தது, அட்டை வரைந்தவர் பெயர் இருந்தது.

கீழே போய்க் கேட்டாள். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வீட்டுக்குள்ள என்ன உன்னுது என்னுது, செல்வி? உம்பேரப் போட்டா எவன் வாங்குவான்?"

கணவன் ராயப்பராஜ், அண்ணனோடு மல்லுக்கு நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். அதன்பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அடங்கிவிட்டாள் என்று இருவருமே நினைத்தார்கள்.

குறிப்புகளில் தப்பான விடைகளைக் கலந்துவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. அடி பிள்ளைகள் மேல் விழும் என்பதால் விட்டாள். காத்திருந்தாள்.

ஆகஸ்டில், புத்தகம் அச்சாகி வெளிவந்தபின், வாய்ப்பு வந்தது. ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில், சுற்றுவட்டார இயற்பியல் ஆசிரியர்களுக்குப் பாடம் விளக்க, புத்தகம் எழுதியவர் என்று ஆண்டனிராஜை அழைத்திருந்தார்கள். ஐம்பது ஸ்லைடு போட்டு ஷேரில் வைக்கச் சொல்லி அவர் மாடிக்கு மெசேஜ் அனுப்பினார்.

நாற்பத்தொன்பதைச் சரியாகப் போட்டாள். சாய்தளத்தில் உருளும் திண்மக் கோளத்தின் கணக்கில் மட்டும் உருளைக்குரிய விடையை வைத்து, வழிமுறையையும் அதற்கேற்ப வளைத்தாள். ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவர் எவரும் இரண்டாம் வரியிலேயே பிடித்துவிடுவார்.

தன் ஷேரில் யார் எந்த ஃபைலைத் திறக்கிறார்கள் என்பது அவள் கம்ப்யூட்டரில் தெரியும். நிகழ்ச்சி அன்று காலை வரை ஸ்லைடு ஃபைலை யாரும் தொடவில்லை. ஆண்டனிராஜ் கிளம்புவதற்குக் கால்மணி நேரம் முன்பு ஃபைல் கீழே இறங்கியது. அது முழுதாக இறங்கும்வரை பார்த்திருந்துவிட்டு, ஷேரை மூடினாள். சேலை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

கடைசி வரிசையில் அவள் உட்கார்ந்தபோது பாதிப் பாடம் முடிந்திருந்தது. கோளம் திரையில் வந்ததும் இருதயநாதன் என்ற வயதான ஆசிரியர் எழுந்து, இது உருளையின் விடையாயிற்றே என்றார். டைப்பிங் மிஸ்டேக் என்று ஆண்டனிராஜ் சிரித்தார். அப்படியானால் போர்டில் போட்டுக் காட்டுங்கள் என்று சாக்பீஸ் நீட்டப்பட்டது. அவர் ஒரு சூத்திரத்தை எழுதினார். அழித்தார். மறுபடி அதையே எழுதினார். சட்டையின் முதுகுப்பக்கம் நனைந்து ஒட்டியது. அவள் அவசரப்படவில்லை, அந்த முதுகை ஆசை தீரப் பார்த்தாள்.

பிறகு எழுந்தாள்.

"நான் போடவா மாமா?"

மாமா என்ற சொல்லுக்கு எல்லாத் தலைகளும் திரும்பின. ஏழு வரிகளில் போட்டு முடித்துவிட்டு, சாக்பீஸை மேசையில் வைத்தாள்.

"புக்கும் நான் எழுதுனதுதான். இதத் தப்பாப் போட்டு வச்சதும் நான்தான். சந்தேகம்னா எந்தப் பக்கத்துல வேணும்னாலும் கேளுங்க, ரெண்டு பேர்ட்டயும்."

கேட்டார்கள். மூன்று கேள்விகளுக்கும் அவள்தான் பதில் சொன்னாள்.

ஒரு மாதம் ராயப்பராஜ் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. டியூஷன் பிள்ளைகளில் பாதிப் பேர் மாடி ஏறி வந்தார்கள். அந்த மாதம் கழிந்த ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்ததும் ஆண்டனிராஜும் ஏறி வந்து வாசலில் நின்றார். அடுத்த பதிப்பில் இரண்டு பேர் பெயரையும் போடலாம் என்றார்.

"தனியாக் கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டனா, செல்வி? சபையில வச்சு..."

"தனியாத்தான் கேட்டேன் மாமா."

அவர் படியை நோக்கித் திரும்பினார். இறங்கிப் போனார். அவருடைய காலடி கடைசிப் படியைத் தொடும்வரை கேட்டிருந்துவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்.