பொன்வண்டு கிளப்

ஜெயக்கொடிக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, பையன் மில்லில் ஃபிட்டர், அதோடு ஒரு கிளப்பில் மெம்பர் என்று சொன்னார்கள். மில் என்றதும் தலையை ஆட்டிய அவள் அப்பா, கிளப் என்றதும் ஆட்டுவதை நிறுத்திவிட்டார். அவருக்குத் தெரிந்த கிளப்பில் சீட்டாடுவார்கள். அவருடைய தம்பி அப்படி ஓர் இடத்தில் உட்கார்ந்துதான் கிணற்றுப் பாசன நிலத்தைத் தொலைத்திருந்தார். இது சீட்டு கிளப் இல்லை, ஏரோப்ளேன் விடுகிற கிளப் என்று பேசிமுடிக்க வந்தவர் விளக்கினார். அது அதைவிட மோசமாகப் பட்டது அவருக்கு. ஆனாலும் மில் வேலை என்பதால் பெண்ணைக் கொடுத்துவிட்டார்.

கல்யாணமான புதிதில் முத்திருளன் அவளை வைகை மணலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். கைமுழ நீளத்துக்கு ஒரு விமானம். மூக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு டீசல் இஞ்சின். விமானத்தின் இறக்கையிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் நீண்டு, நடுவில் நிற்கிற ஆளின் கைப்பிடியில் முடிந்தன. அவன் நின்ற இடத்திலேயே சுற்ற, விமானம் அலறிக்கொண்டு அவனைச் சுற்றி வந்தது. மணிக்கட்டை மேலே மடக்கினால் ஏறியது, கீழே மடக்கினால் இறங்கியது.

“பொன்வண்டப் பிடிச்சு நூல்ல கட்டி விடுவோம்ல, அது மாதிரி” என்றாள் ஜெயக்கொடி.

முத்திருளனின் முகம் சுருங்கிப்போனது. ஆனால் பக்கத்தில் நின்ற கிளப்காரர் ராதாகிருஷ்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து அவரே அதைப் பொன்வண்டு கிளப் என்றுதான் சொல்லுவார்.

கிளப்பை ஆரம்பித்தவர் வெங்கடசுப்பிரமணியன். மில்லில் பராமரிப்பு இஞ்சினியர். எழுபதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றைப் பார்த்துவிட்டு ஆள் சேர்த்தார். கல்லூரி வாத்தியார்கள், பேங்க் ஆட்கள், சாயப்பட்டறை வைத்திருந்த ராதாகிருஷ்ணன். முத்திருளனைச் சேர்த்ததற்குக் காரணம் வேறு. இஞ்சினில் ஒரு திருகுமறை தேய்ந்துபோக, அதை லேத்தில் கடைந்து கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. கடைந்து கொடுத்தவன் போகாமல் நின்று பார்த்தான். ஒரு நாள் கைப்பிடியை அவனிடம் கொடுத்தார்கள். முதல் சுற்றிலேயே தலை கிறுகிறுத்துக் கீழே விழுந்தான், விமானமும் விழுந்தது. ஒட்டிக் கொடுத்துவிட்டு மறுபடி கேட்டான்.

வைகை மணல் இஞ்சினுக்குள் போய் அரித்தது. வெளுக்கப் போட்ட துணிகளின் மேல் எண்ணெய் தெறிக்கிறது என்று சலவைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அப்புறம் ஒரு மைதானம் கிடைத்தது. விமானம் ஒன்று கம்பி அறுந்து போய் யாரோ பெரிய மனிதரின் கார்க் கண்ணாடியை உடைத்ததும் அதுவும் போனது. வாத்தியார்களுக்கு மாற்றல் வந்தது. பேங்க் ஆட்களுக்குப் பிள்ளைகள் பிறந்தன. வெங்கடசுப்பிரமணியன் பம்பாய்க்குப் போனார், நல்ல இஞ்சின்களையெல்லாம் கூடவே கொண்டுபோனார். கடைசியில் கிளப் என்பது ராதாகிருஷ்ணன், முத்திருளன், பழைய டீசல் இஞ்சின் ஒன்று. அவ்வளவுதான். அலங்காநல்லூர்ப் பக்கம் ஜெயக்கொடியின் ஊர்க் கண்மாய் மழையில்லாமல் வறண்டு கிடந்தது. அதில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் விட்டார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் கம்பை ஊன்றிக்கொண்டு நின்று பார்ப்பார்கள்.

“அறுத்து விட்டுப் பாருங்கண்ணே, எம்புட்டுத் தூரம் போகுதுன்டு” என்று யாராவது ஒருவன் ஒவ்வொரு வாரமும் சொல்லுவான். எல்லாரும் ஒவ்வொரு வாரமும் சிரிப்பார்கள்.

அப்புறம் மில்லை மூடினார்கள். இன்றைக்குத் திறக்கும், நாளைக்குத் திறக்கும் என்று வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். முத்திருளன் சிம்மக்கல்லில் மொத்தக் கடைகளுக்கு வருகிற லாரிகளில் மூட்டை இறக்கினான். வெங்காயம், மல்லி, வத்தல். ஃபிட்டர் கைக்கு ஒரு பழக்கம் உண்டு, சுமைக் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. மூட்டை தூக்கிய மறுநாள் கைப்பிடியைப் பிடித்தால் விரல் நடுங்கியது. முழங்கால் ஒன்று படியில் ஏறும்போது மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஜெயக்கொடி வெங்காய மண்டியில் தரம் பிரிக்கப் போனாள். இருவரும் ஒரே நாற்றத்தோடு வீட்டுக்கு வந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் ராதாகிருஷ்ணன் சைக்கிளை மிதித்துக்கொண்டு சிம்மக்கல்லுக்கே தேடி வந்தார். விரல் இடுக்கெல்லாம் நீலச் சாயம். என்.சி.சி. விமானப் பிரிவில் மாணவர்களுக்கு மாதிரி விமானம் செய்யவும் விடவும் சொல்லிக்கொடுக்கிற ஆள் ஓய்வு பெறுகிறாராம். ஐ.டி.ஐ. படித்திருக்க வேண்டும், விடத் தெரிந்திருக்க வேண்டும். முத்திருளனிடம் இரண்டும் இருந்தன. வயது மட்டும் இடித்தது. இந்த வருடம் விட்டால் வரம்பு தாண்டிவிடும்.

மனுப் போட்டான். பதில் வந்தது. அதிகாரி ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க்கே நேரில் வந்து பார்ப்பார், திருச்சியிலிருந்து வேறொருவனும் வருகிறான், இருவரும் விட்டுக் காட்ட வேண்டும். சமமாகப் பறக்க வேண்டும், ஏற வேண்டும், குட்டிக்கரணம் போட வேண்டும்.

அதுவரை ஜெயக்கொடி அந்த விமானத்தை ஒரு சக்களத்தியைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்துவந்தாள். மண்ணெண்ணெயும் ஈதரும் விளக்கெண்ணெயும் கலந்து அவன் எரிபொருள் தயாரிக்கும் நாளில் அவளுக்குத் தலை வலிக்கும், இரண்டு நாளைக்கு முணுமுணுப்பாள். வேலை என்று தெரிந்ததும் மாறிவிட்டாள். உட்கார்ந்து பார்க்கிற வேலையா என்று கேட்டாள். நாற்காலி போடுவார்களா என்று கேட்டாள். போடுவார்கள் என்றான். அதற்குப் பிறகு அவளாகவே மண்டியிலிருந்து வந்ததும் முகம் கழுவிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். விமானம் செய்ய வாங்கிவைத்த பால்சா என்கிற லேசு மரம் தீர்ந்துபோயிருந்தது. கல்யாண முருங்கைக் கட்டையைக் காயவைத்துச் சீவினான். அவள் இறக்கையை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள, அவன் காகிதம் ஒட்டினான். பசை காயும்வரை அசையாமல் இருப்பாள். மூச்சைக்கூட அடக்கிக்கொள்வாள்.

“இந்த வேல கெடச்சா ஒங்க தோளு ஆறிரும்ல” என்றாள் ஒருநாள்.

தோள்பட்டையில் மூட்டை உராய்ந்து தோல் கறுத்துத் தடித்திருந்தது.

சனிக்கிழமை அவள் அழகர்கோவிலுக்குப் போய்வந்தாள். காவல்தெய்வம் பதினெட்டாம்படிக் கருப்பாக நிற்கிற கதவுக்குச் சந்தனம் சாத்துவதாக நேர்ந்திருந்தாள். சாத்திவிட்டு, மிச்சத்தை வாழையிலையில் மடித்துக் கொண்டுவந்தாள். மறுநாள் காலையில் அதை விமானத்துக்கு வைக்கப் போனபோது முத்திருளன் தடுத்தான். இஞ்சின் பக்கம் எதையும் வைக்கக்கூடாது, உள்ளே போய்விடும் என்று கண்டிப்பாகச் சொன்னான். அவள் இலையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கண்மாயில் ஊரே நின்றது. ஜெயக்கொடியின் தம்பி காளைதான், இஞ்சின் ஓடத் தொடங்கும்வரை விமானத்தைப் பிடித்திருந்து விடுகிற ஆள். எப்போதும் அவன்தான் பிடிப்பான். அதிகாரி ஜீப்பில் வந்தார். நல்ல மனிதர், ஊர்க்காரர்களைப் பார்த்துக் கும்பிட்டார். திருச்சிக்காரன் பெரிய பெட்டி ஒன்றைத் திறந்து வைத்திருந்தான். அதற்குள் இரண்டு விமானங்கள் இருந்தன. முத்திருளன் அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தான்.

டாங்கை அவனே நிரப்பினான். விமானத்தின் அடிவயிற்றில் மூக்குத்தி மாதிரி இரண்டு பித்தளைக் குழாய்கள் துருத்திக்கொண்டிருக்கும். ஒன்றில் எரிபொருளை ஊற்றி ரப்பரால் அடைக்க வேண்டும். மற்றது திறந்தே இருக்க வேண்டும். அது வழியாகக் காற்று உள்ளே போனால்தான் எரிபொருள் இறங்கும். ஒன்றை அடைத்தான். மற்றதை ஊதிப் பார்த்தான். நிமிர்ந்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, கம்பி நீளத்துக்கு நடந்து நடுவில் போய்க் கைப்பிடியை எடுத்தான். நேற்று லாரிக்குப் போகவில்லை. விரல் நடுங்காமல் இருந்தது.

அவன் முதுகு திரும்பியதும் ஜெயக்கொடி தம்பியிடம் வந்தாள். ராதாகிருஷ்ணன் அதிகாரிக்குக் கிளப்பின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இஞ்சின்ல வைக்க வேணாம்னு சொல்லிட்டாக. அடியில வைக்கிறேன், தூக்குடா” என்றாள்.

காளை தூக்கிக் காட்டினான். அவள் சந்தனத்தைக் குழைத்து, அடிவயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு நன்றாக அப்பினாள். மேலே குங்குமம் வைத்தாள். கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு நகர்ந்து நின்றாள்.

ராதாகிருஷ்ணன் வந்து மூக்கிலிருந்த விசிறியை விரலால் தட்டிச் சுழற்றினார். இஞ்சின் பிடிக்கவில்லை. தன் வீட்டுச் சௌராஷ்டிர பாஷையில் அதை இரண்டு வார்த்தை திட்டினார். ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். மூன்றாவது தட்டில் பிடித்துக்கொண்டது. காளை கையை எடுத்தான்.

விமானம் ஓடி, எழும்பி, சுற்றியது. முதல் சுற்றுகள் நூல் பிடித்த மாதிரி இருந்தன. அதிகாரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடவே திரும்பித் திரும்பிப் பார்த்தார், தலையசைத்தார். ஏற்றிக் காட்டினான், இறக்கிக் காட்டினான். இனி குட்டிக்கரணம். அப்போது இஞ்சின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. கீச்சென்று. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும், டாங்க் வற்றும்போது வருகிற சத்தம். ஆனால் டாங்கில் பாதிகூடக் குறைந்திருக்காது. இப்படியே இறக்கிவிடலாமா என்று ஒரு சுற்று யோசித்தான். இறக்கினால் குட்டிக்கரணம் போடாதவன் என்று ஆகிவிடும். மணிக்கட்டை மடக்கினான்.

விமானம் செங்குத்தாக ஏறி, உச்சியில் தலைகீழாகத் திரும்பியபோது சத்தம் நின்றது.

கம்பி தொய்ந்தது. தொய்ந்தால் விமானம் யார் கையிலும் இல்லை. இழுத்துப் பிடிக்கப் பின்னால் ஓடினான். காய்ந்த கண்மாயின் வெடிப்பில் கால் மாட்டியது. ஏற்கெனவே மக்கர் பண்ணுகிற முழங்கால் மடங்கியது. விமானம் மூக்கால் தரையில் குத்தியது.

ஆட்டுக்காரர்கள் ஊன்றியிருந்த கம்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

அதிகாரி நடந்து வந்தார். நன்றாகத்தான் விட்டீர்கள், இஞ்சின் காலை வாரிவிட்டது என்றார். வேறு விமானம் இருந்தால் இன்னொரு தரம் விடலாம், காத்திருக்கிறேன் என்றார். வேறு விமானம் இல்லை. இஞ்சினை விமானத்தோடு பிடித்திருந்த உலோகக் காது முறிந்திருந்தது, அதற்கு மாற்று மதுரையில் எங்கேயும் கிடைக்காது. ராதாகிருஷ்ணன் திருச்சிக்காரனின் பெட்டியைப் பார்த்தார். அவன் மூடியைச் சாத்திவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவனும் வேலைக்குத்தான் வந்திருந்தான்.

முத்திருளன் வெடிப்புத் தரையில் உட்கார்ந்து சிதறியதைப் பொறுக்கினான். டாங்க் கனத்தது. அசைத்துப் பார்த்தான், உள்ளே தளும்பியது. திருப்பினான். அடிவயிற்றில் மஞ்சளாகச் சந்தனம். ரப்பர் போட்ட குழாய் வெளியே தெரிந்தது. திறந்து விட்ட குழாய் தெரியவில்லை. கட்டைவிரல் நகத்தால் சுரண்டினான். சந்தனத்துக்குள்ளிருந்து பித்தளை வந்தது. அதன் வாயில் ஓர் உருண்டை, இறுகிப்போய், குங்குமத்தோடு. அதை எடுத்ததும் உள்ளே காற்றுப் போகிற சத்தம் சின்னதாகக் கேட்டது.

ராதாகிருஷ்ணன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து ஜெயக்கொடியைப் பார்த்து வாயைத் திறந்தார்.

“அண்ணே” என்றான் முத்திருளன்.

அவர் வாயை மூடிக்கொண்டார். ஜெயக்கொடி ஓடி வந்து பக்கத்தில் குத்தவைத்தாள்.

“என்னங்க ஆச்சு?”

“இஞ்சின் பழசு” என்றான். நகத்தை வேட்டியில் துடைத்தான்.

“பழசுதான்மா” என்றார் ராதாகிருஷ்ணன். “நாந்தான் அப்பவே மாத்தியிருக்கணும்.”

திருச்சிக்காரன் இரண்டு குட்டிக்கரணம் போட்டான். இரண்டும் சுத்தம். ஊர்க்காரர்கள் கை தட்டினார்கள், பிறகு முத்திருளன் இருப்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்கள். காளை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான். ஜீப் கிளம்பியதும் ராதாகிருஷ்ணன் சைக்கிளை எடுத்தார். இஞ்சினை முத்திருளனே வைத்துக்கொள்ளட்டும் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பற்றி அவரும் பேசவில்லை, இவனும் கேட்கவில்லை. கிளப் முடிந்தது அப்படித்தான். யாரும் கலைக்கவில்லை.

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஜெயக்கொடி உடையாத ஒற்றை இறக்கையை மடியில் வைத்துக்கொண்டாள், பசை காயும்வரை பிடித்திருந்த மாதிரியே அசையாமல். வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“கருப்புக்கு ஏதும் கொற வச்சுட்டமோ” என்றாள்.

அவன் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டான்.

“கதவுக்குச் சாத்துனது கொஞ்சந்தான். கூட்டம் தள்ளுச்சு. மிச்சத்த வச்சிருக்கக் கூடாது, அம்புட்டையும் அங்கயே சாத்தியிருக்கணும். ஏங்க, அடுத்த வருசமும் ஆளு எடுப்பாகள்ல?”

“எடுப்பாக” என்றான்.

வயது வரம்பைப் பற்றி அவளிடம் அவன் சொல்லியிருக்கவில்லை.

“அப்ப நெறையாச் சாத்திருவோம்” என்றாள். “ஒங்க ஏரோப்ளேனுக்கும் நல்லா வச்சு விடுவோம். இன்னைக்கு அடியில மட்டுந்தான வச்சேன்.”

கண்டக்டர் சிம்மக்கல் என்று கத்தினான். நாளைக்கு மல்லி லாரி வருகிறது. முத்திருளன் வீங்கிய முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டு எழுந்து, அவள் இறங்குவதற்கு வசதியாக இறக்கையை வாங்கிக்கொண்டான்.